மருந்தை எடுத்துவிட்டுப் பார்த்தபோது

திரையில் நீல வலை சுழன்றது. எக்ஸ் கதிர் புரதப் படிகத்தில் பட்டுச் சிதறிய புள்ளிகளைக் கொண்டு கணினி வரைந்த எலக்ட்ரான் அடர்த்தி. புரதத்தின் நடுவே ஒரு பள்ளம். அதில் மருந்து அச்சில் வார்த்தாற்போல் உட்கார்ந்திருந்தது.

அக்காவின் தசைகளைத் தின்றுகொண்டிருப்பது அந்தப் புரதம்தான். அக்காவின் மகள் குட்டிக்கும் அந்த நோய் வரும் என்று ரத்தப் பரிசோதனை சொல்லிவிட்டது. மருந்து புரதத்தில் ஒட்டிக்கொண்டது, இனி அதை அடக்கிவிடலாம் என்று போன வாரமே அக்காவிடம் சொல்லியிருந்தாள், திரைக்கு முன்னால் இருந்த தங்கை.

"எனக்குக் கிடக்கட்டும்டி. குட்டிக்குக் கிடைச்சாப் போதும்." அன்று அக்கா இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டாள்.

ஆய்வகத்தில் எல்லோரும் மொட்டை என்று கூப்பிடும் கூட்டாளி பின்னால் வந்து நின்றான்.

"கம்ப்யூட்டர்ல நீ கட்டி வச்ச மாதிரியிலேருந்து மருந்தை எடுத்துட்டு ஒருவாட்டி கணக்குப் போட்டியா?"

"எதுக்கு? அதான் கண்ணு முன்னால நிக்குதே."

"நீயே கதவைத் தட்டிட்டு நீயே யாருன்னு கேக்குறியே, தாயே."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. புள்ளிகள் பாதிக் கதையைத்தான் சொல்லும். மீதியை, நாம் வைத்த மாதிரியிலிருந்தே கணினி இட்டு நிரப்பும். ஆசைப்பட்டு ஒன்றை வைத்தால் ஆசைப்பட்டதையே காட்டும். மாணவர்களுக்கு வருடா வருடம் இதைச் சொல்லிக்கொடுப்பவள் அவள்தான்.

மருந்தை அழித்தாள். கணக்கை ஓடவிட்டாள். மொட்டை கொண்டுவந்து வைத்த தேநீரில் ஆடை படிந்தது.

வலை திரும்ப வந்தது. பள்ளத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில சின்ன உருண்டைகள். தண்ணீர். வேறொன்றும் இல்லை.

"மருந்துல சரியா ஊறாத படிகமா இருக்கும்," என்றான் மொட்டை.

"படிகத்து மேல பழி போடாதடா."

அன்று மாலை அவள் வீட்டுக்குப் போனபோது, மாடியறையில் அக்கா தலையணைகளில் சாய்ந்திருந்தாள். கால்மாட்டில் குட்டி படம் வரைந்துகொண்டிருந்தாள்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி வர்ற?"

தங்கை குட்டியைப் பார்த்தாள். அக்காவுக்குப் புரிந்தது.

"குட்டி, கீழ போய்க் கொஞ்ச நேரம் விளையாடு."

குட்டி கதவைச் சாத்திவிட்டுப் போனதும் தங்கை சொன்னாள். "அது ஒட்டலக்கா. நான்தான் இருக்குன்னு நெனச்சுப் பாத்துட்டேன்."

அக்கா போர்வையின் ஓரத்தை மடித்தாள், பிரித்தாள். விரல்கள் முழுதாக மூடவில்லை.

"உனக்கு ஒண்ணும் வராதுன்னு நேத்துதான்டி அவகிட்ட சொன்னேன்."

மாடிப்படியில் குட்டி இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கும் சத்தம் கேட்டது.