கானுக்குள் விழுந்த பதினேழாம் நம்பர்

சின்னராசா மழைத்தண்ணீர் வடியும் கானுக்குள் விழுந்ததற்கு மழையையோ பாசியையோ குறை சொல்ல வழியில்லை. அவன் பின்பக்கமாக ஓடிக்கொண்டிருந்தான். "முன்பக்கமா எல்லாப் பயலுந்தான் ஓடுவான், இதப் பாருங்கடா!" என்று கடைவாசல் கூட்டத்துக்கு வித்தை காட்டியபடி லயத்து வீட்டு வரிசையின் இறக்கத்தில் போனவன், கான் எங்கே இருக்கிறது என்பதை அதற்குள் போய்த்தான் தெரிந்துகொண்டான். கணுக்கால் பப்பாளிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. மறுநாள் இரவு ஓட்டப் போட்டி.

இலங்கையில் கந்தப்பளைக்கு மேலேயிருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் இருட்டில் ஓடுவதே புதுசு. சண்டைக் காலத்தில் ராத்திரி டார்ச்சோடு வெளியே போனால் ராணுவத்துக்குப் பதில் சொல்லி மாளாது. 2002இல் சமாதானம் என்றார்கள். உடனே இளைஞர் மன்றம் கொடி கட்டி, ஃபேக்டரியில் புறப்பட்டு, தேயிலைக்குள் ஏறி, மலையுச்சி அம்மன் கோயிலைச் சுற்றித் திரும்பும் ஓட்டத்தை அறிவித்தது. அன்றிலிருந்து சின்னராசா, தான் ஜெயிக்கப்போவதைப் பேசிப் பேசியே பாதி மூச்சைச் செலவழித்திருந்தான்.

"ஒங்களுக்குப் பதிலா நான் ஓடுறேன்," என்றாள் மனைவி ரத்னா, அவன் காலில் எண்ணெய் தடவிக்கொண்டே. கொழுந்தெடுத்துக் களைத்து வந்தவள்.

"நீ எதுக்குப் புள்ள?"

"குளிருது. அதான்."

விளையாட்டு என்று நினைத்தான். மறுநாள் பொழுது சாய, அவனுடைய பதினேழாம் நம்பர் துணியை நெஞ்சில் குத்திக்கொண்டு அவள் கிளம்பியபோதுதான், விளையாட்டு தன் பக்கம் மட்டுமே இருந்தது என்று புரிந்தது.

"நெசமா எதுக்குன்னு சொல்லேன்."

"நம்பர் வீணாப் போகுதுல்ல. வாங்க."

ஃபேக்டரி வாசலில் மன்றத் தலைவர் சிவசாமி மறித்தார். மலையில் இவர்களை வேலை வாங்கும் கண்டாக்கும் அவர்தான்.

"பொம்பளைங்களுக்கு நாளைக்குப் பகல்ல கரண்டியில தேசிக்காய் வெச்சு ஓடுற போட்டி இருக்கே, ரத்னா."

"கரண்டி எங்க வூட்டுலயே இருக்குங்கய்யா."

கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "இருட்டு. வழுக்கும். பொம்பள ஆளு..."

"விடியாத இருட்டுல பேரு கூப்புடுற பெரட்டுக்கு வந்து நிக்கிறப்ப மட்டும் நான் ஆம்பளைங்களா?"

சின்னராசாவுக்குத் தெரியும்: கண்டாக்கைப் பகைத்தவர்களுக்கு மலையில் செங்குத்தான இடமாகப் பார்த்துத்தான் வேலை விழும். ஆனால் அவன் வாய் அவனைக் கேட்டுத் திறப்பதில்லை.

"ஐயா, அந்த நம்பருக்கு ரெண்டு கால் வேணும். எங்கிட்ட ஒண்ணுதான் இருக்கு. அதான் அவளக் கூட்டியாந்தேன்."

அவர் பதில் யோசிப்பதற்குள் யாரோ விசிலை ஊதிவிட்டார்கள். ரத்னா ஓடினாள். சின்னராசா கம்பை ஊன்றி நொண்டிக்கொண்டே வேலிவரை போய், "வெரசா புள்ள! வெரசா! வெரசா!" என்று தொண்டை கிழியக் கத்தினான். அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அது நன்றிப் பார்வை என்று அவனே முடிவு செய்துகொண்டான்.

டார்ச் வெளிச்சங்கள் தேயிலைக்கு நடுவே ஏறின. மேலேயிருந்து இறங்கிய மூட்டம் ஒவ்வொன்றாக அவற்றை விழுங்கியது. பக்கத்தில் இருந்தவர்கள் கிண்டல் செய்தார்கள். அவன் மலையையே பார்த்துக்கொண்டு நின்றான். சமாதானம் வந்தால் என்ன, கோயில் பாதையின் வழுக்குப் பாறை அதே இடத்தில்தானே இருக்கிறது.

மூன்று பேர் அடுத்தடுத்து எல்லைக் கோட்டில் வந்து விழுந்தார்கள். பிறகு வெகுநேரம் யாருமில்லை. அப்புறம் ரத்னா. முழங்கால் சிராய்த்திருந்தது, டார்ச் அணைந்திருந்தது. பின்னால் ஒருவன் மூச்சு வாங்க ஓடி வந்தும், கடைசி வளைவில் அவள் கோயிலுக்குப் போய்த் திரும்புகிறவள் மாதிரி நடந்தேதான் வந்தாள்.

சிவசாமி மைக்கைப் பிடித்தார். "நாலாவது இடம், பதினேழாம் நம்பர், சின்னராசா!"

காலில் கட்டோடு பெஞ்சியில் இருந்த நாலாவது இடம் எழுந்து, நொண்டிப் போய், மைக்கைப் பறித்தது.

"பொய்யிங்க! நான் மொதலாவதா வந்தது கானுக்குள்ள மட்டுந்தான். இங்க நாலாவதா வந்தது என் பொஞ்சாதி. பேரு ரத்னா. மலையில தெனம் அவளக் கூப்புடுறவருக்கு இன்னைக்குத்தான் மறந்துபோச்சு. கை தட்டுங்க!"

பின்னால் நின்ற பெண்கள் முதலில் தட்டினார்கள். பிறகு ஃபேக்டரித் தகரம் அதிரும் அளவுக்கு எல்லோரும் தட்டினார்கள்.

"மைக்க வைடா. நாளைக்குப் பெரட்டுல பாத்துக்கிறேன்," என்றார் சிவசாமி.

"வர்றேனுங்கய்யா. முன்வரிசையில, ஒத்தக் கால்ல நிக்கிறேன்."

லயத்துக்குத் திரும்பும் வழியில் அவன் கனத்தையும் அவள்தான் தாங்கினாள். கானைத் தாண்டும்போது மறுபடி கேட்டான்.

"இப்பவாச்சும் சொல்லு புள்ள. குளிருதுன்னு யாராச்சும் மல ஏறுவாங்களா?"

ரத்னா நின்றாள்.

"சின்னப் புள்ளையிலேருந்து இந்த மலைய ஏறுறேன். ஏறுறப்பல்லாம் பின்னால ஒரு ஆளு 'வெரசா, வெரசா'ன்னு கத்திக்கிட்டே இருப்பாரு. ஒரே ஒரு தடவ, யாரும் கத்தாம, என் இஷ்டத்துக்கு ஏறி எறங்கணும்னு இருந்துச்சு. அதுக்குத்தான்." அவன் கையை எடுத்துத் தன் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டாள். "அதுலயும் நீங்க கத்திட்டீங்க."