மெக்சிகோ சட்னி

"கருகட்டும் செல்வி, எடுத்துராத," என்றார் பெலிக்ஸ், கட்டிலில் படுத்தபடியே.

தோசைக்கல்லில் தக்காளிக்காய்கள் தோல் வெடித்து நீர் விட்டன. பக்கத்தில் உரிக்காத பூண்டும் நாலு பச்சைமிளகாயும். கருகினால் குப்பையில் கொட்டித்தான் மரிய செல்விக்குப் பழக்கம். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நின்றாள்.

பத்தொன்பது வருடம் அவர் தோகாவில் ஓர் ஓட்டல் சமையற்கட்டில் வேலை பார்த்தார். கடைசிப் பதினொரு வருடம் மெக்சிகோ சாப்பாடு. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை ஆவூருக்கு வந்து நாற்பது நாள் இருப்பார். ஈரல் கெட்டுப்போய் மாசியில் ஒரேயடியாக வந்தார். புதுக்கோட்டை டாக்டர், வீட்டில் வைத்தே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். அயிரைமீன் குழம்பு வைத்துப் பார்த்தாள், நாட்டுக்கோழிச் சாறு வைத்துப் பார்த்தாள். ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை. நேற்றுதான் அவராக ஒன்று கேட்டார். பச்சைச் சட்னி மாதிரி இருக்குமாம், பேர் சல்சா. இத்தனை வருடத்தில் அந்தப் பேரை அவள் கேட்டதேயில்லை.

"அங்க வேற காய். நம்ம சொடக்குத் தக்காளி மாதிரி மேல கூடு இருக்கும். இங்க தக்காளிக்காயே போதும்."

ஆறவைத்து, பூண்டை உரித்து, வெங்காயமும் மல்லித்தழையும் உப்பும் போட்டு, வீட்டிலிருந்த ஒரே எலுமிச்சையையும் பிழிந்து மிக்ஸியை மூடினாள்.

"விட்டு விட்டு அரை. நைசாயிரக் கூடாது."

மூச்சு வாங்க வாங்கச் சொன்னார். வந்த நாலு மாதத்தில் அவளிடம் இவ்வளவு பேசியதில்லை.

கரண்டி நுனியில் எடுத்து அவர் நாக்கில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டார். அந்த முகம் அவளுக்குப் புதிது. எங்கே, யாரோடு நின்று இந்த முகத்தோடு சாப்பிட்டிருப்பார்?

"எலுமிச்சை பத்தல."

"இருங்க, உண்ணாமலை அக்கா வீட்டுல வாங்கிட்டு வாரேன்."

பக்கத்து வீடுதான். மரத்தில் பழம் கைக்கு எட்டவில்லை. தொரட்டி தேடி எடுத்து இரண்டு பறித்தார்கள். திரும்பி வந்து நறுக்கிப் பிழிந்து, கலக்கி, கரண்டியோடு கட்டிலருகே போய், "இப்பப் பாருங்க," என்றாள். அப்புறம்தான் பார்த்தாள்.

உதட்டோரம் பச்சையாக ஒட்டியிருந்ததை முந்தானையால் துடைத்தாள். அதன் பிறகே, "அக்கா!" என்று கத்தினாள்.

மத்தியானத்துக்குள் மாதா கோவிலில் துக்க மணி அடித்து ஊர் கூடிவிட்டது. மகள் ஜெனிபர் சென்னையிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். உண்ணாமலை செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"கடைசியா என்ன கேட்டாரு செல்வி?"

சுற்றியிருந்த பெண்கள் அவளையே பார்த்தார்கள்.

"ரசஞ்சோறு," என்றாள். "எங் கையால ஒரு வாய் ரசஞ்சோறு."

பெண்கள் குரலெடுத்து அழுதார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை.

அடுப்படி அலமாரியில் அவருடைய போன் அடித்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டு எடுத்தாள். திரையில் வெள்ளைத் தொப்பி வைத்த ஒரு வயசாளி. பின்னால் பெரிய பெரிய எவர்சில்வர் அண்டாக்கள், ஆவி.

"பெலிக்ஸ்?" என்றார் சிரித்துக்கொண்டே. பிறகு பேசியதெல்லாம் அவளுக்குத் தெரியாத பாஷை. அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"காலையில போயிட்டாருங்க," என்றாள். "பச்சைச் சட்னி கேட்டாரு. செஞ்சு குடுத்தேன். எலுமிச்சை பத்தலன்னாரு. வாங்கப் போனேன். பக்கத்துலதான். நான் இல்லாதப்ப..."

அங்கே யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். திரும்பாமல், தொப்பியைக் கழற்றினார். வேர்வையில் படிந்திருந்த தலைமுடி முழுக்க நரைத்திருந்தது.