எண்பது சென்டிமீட்டர்

நான் முப்பது வருடம் போர்வெல் ரிக் வண்டியில் இருந்தவன். ராஜஸ்தானில் ஆயிரத்து இருநூறு அடி ஆழத்திலிருந்து ஒரு மீன் உயிரோடு மேலே வந்தது. வறுத்துத் தின்றோம். உப்புக் கொஞ்சம் தூக்கல். இதை நம்பாதவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் யாரும் அன்று அங்கே இல்லை.

மேச்சேரிக்கு மேற்கே அகழாய்வுப் பயிற்சி முகாம் போட்டபோது குழி வெட்ட என்னைத்தான் கூப்பிட்டார்கள். இருபது கல்லூரிப் பிள்ளைகள். காலை ஆறு மணிக்குக் களத்தில் நிற்க வேண்டும். கரண்டியால் மண்ணைச் சுரண்டி, சல்லடையில் சலித்து, எது எந்த ஆழத்தில் கிடைத்தது என்று குறிப்பேட்டில் எழுத வேண்டும். மத்தியானம் தக்காளி சாதம். பிறகு பொழுது சாயும்வரை பானை ஓடு கழுவ வேண்டும்.

நிஜக் குழியில் இறங்குமுன் ஆளுக்கொரு பயிற்சிக் குழியில் சோதனை உண்டு. அதற்காகச் சித்திரையிலேயே நான் குழிகளை வெட்டி, முகாம் நடத்தும் உபகாரசாமி சார் கொடுத்த பட்டியல்படி, உடைந்த சட்டி, தாயக்கட்டை, ஆட்டெலும்பு என்று குழிக்குப் பன்னிரண்டு சாமான்களைப் புதைத்து மூடியிருந்தேன். ஆழம் நூற்றிருபது சென்டிமீட்டர் என்பது உத்தரவு. ஊற்றி வைத்த டீ ஆறுவதற்குள் அத்தனை குழியையும் முடித்துவிட்டேன் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருந்தேன்.

முதல் நாளே சார் ஒரு விதி சொல்லியிருந்தார். "வெளிய இருந்து ஒரு பொருளக் கொண்டாந்து குழியில போட்டீங்கன்னா, அன்னைக்கே பஸ் ஏத்தி விட்டுருவேன்."

மூன்றாம் குழி இலக்கியாவுடையது. ஜலகண்டாபுரத்துத் தறிக்காரர் மகள். அதிகம் பேசமாட்டாள். சோதனை அன்று பன்னிரண்டு சாமானையும் எடுத்துவிட்டாள். பதினொன்றரை மணிக்குப் பதின்மூன்றாவதாக ஒன்றை எடுத்தாள். மிளகைவிடச் சற்றுப் பெரிய சிவப்புக் கல்மணி, நடுவே ஊசித் துளை.

சார் அதை உள்ளங்கையில் உருட்டினார். பட்டியலைப் பார்த்தார்.

"இது நான் போடச் சொல்லாததாச்சேம்மா."

"நூத்தியஞ்சு சென்டிமீட்டர்ல இருந்துச்சுங்க சார்."

அவளுடைய குறிப்பேட்டை வாங்கிப் புரட்டினார். 'எண்பதில் மண் இறுகுகிறது' என்று எழுதியிருந்தது.

"ரெண்டு மாசம் முன்னால வெட்டி மூடின குழி. நூத்தியிருபது வரைக்கும் பொலபொலன்னு இருக்கணும். எண்பதுல எப்படி இறுகும்? மணிய நம்ப வெக்கறதுக்காக எழுதுனியா?"

"அக்கா கழுத்துல இருந்து உழுந்திருக்கும் சார்" என்றான் பக்கத்துக் குழி தனுஷ். யாரும் சிரிக்கவில்லை.

"ரெண்டரைக்குச் சேலம் பஸ். பையை எடுத்து வை" என்றார் சார்.

இலக்கியா அழவில்லை. கரண்டியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். நான் சல்லடையைப் பிடித்தபடி நின்றேன். எண்பதில் மண் ஏன் இறுகியது என்று அந்தக் களத்தில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். நான் வெட்டியதே அவ்வளவுதான். அதற்குக் கீழே கடப்பாரை எகிறியது. வெயில் வேறு. ஆக, அந்த மணியை யாரும் போடவில்லை. என்றைக்கோ எவளோ தொலைத்த மணி அது. இதைச் சொன்னால் என் வேலை போகும். டீக் கதையும் போகும்.

இரண்டு மணிக்கு அவள் பையோடு வந்தபோது, எனக்குப் பழக்கமான வழியில் முயன்று பார்த்தேன்.

"நாந்தானுங்க போட்டேன். குஜராத்துல தொள்ளாயிரம் அடியில ரிக்குல வந்த மணி. மடியிலயே வெச்சிருந்தேன்."

"விளையாடற வயசாங்க சின்னுசாமி?" என்றார் சார். ஆனாலும் அவர் முகம் இளகியது. மணியை உடைந்த சட்டிகள் கிடந்த பைக்குள் போடப் போனார்.

"பொய்யுங்க சார்" என்றாள் இலக்கியா. "அது யாரும் கைவெக்காத மண்ணு. என்னைய அனுப்பறதுன்னா அனுப்புங்க. மணிய அந்தப் பையில போடாதீங்க."

சார் மணியைத் தாளில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "சரி, நீ கிளம்பு" என்றார். அவள் ரோட்டைப் பார்த்து நடந்தாள். மரமில்லாத காட்டு வழியில் கால் மணி நேர நடை; களத்திலிருந்தே ரோடு தெரியும். பாதி தூரம் அவள் போகும்வரை எனக்கு நாக்கு எழவில்லை.

"எண்பதுதானுங்க வெட்டினேன்."

"இப்பத்தான் குஜராத்துன்னீங்க."

"அது பொய்யுங்க."

"இது?"

"இது வெக்கக்கேடுங்க. செவுத்துல தண்ணி தெளிச்சுச் செதுக்கிப் பாருங்க."

நான் வெட்டியது அகலமான குழி. அதற்குள் ஒரு சாண் விட்டு நூல் கட்டித்தான் பிள்ளைகள் தோண்டியிருந்தார்கள். காய்ந்த சுவரில் எல்லாம் ஒரே சிவப்பாகத் தெரிந்தது. சார் இறங்கித் தண்ணீர் தெளித்தார். கரண்டியால் இழைத்தார். ஒன்றும் தெரியவில்லை. தூரத்தில் பஸ் ஹாரன் கேட்டது. இன்னொரு சொம்பு தெளித்து இழைத்தார். மேலே கலங்கிய மண்ணும் கீழே இறுகிய மண்ணும் ஒரு கோட்டில் பிரிந்தன. கோட்டின் மேலேயே, குழி வெட்டிய அன்று நான் வீசிய பாக்குப் பொட்டலத் தாள், நிறம்கூடப் போகாமல் ஒட்டியிருந்தது.

சார் டேப்பைப் பிடித்தார். எண்பத்திரண்டு.

ஒப்புக்கொண்டதைவிட இரண்டு சென்டிமீட்டர் கூடுதலாகவே வேலை செய்திருக்கிறேன் என்றேன். தனுஷ் ஏற்கெனவே ரோட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தான். பஸ் புழுதி கிளப்பிக்கொண்டு நின்றது, பிறகு போனது. புழுதி அடங்கும்வரை அங்கே ஒருவரா இருவரா என்று தெரியவில்லை.

இருவர்.

திரும்பி வந்தவளிடம் சார் மன்னிப்புக் கேட்கவில்லை. தன் கரண்டியை நீட்டினார். "எண்பத்திரண்டுக்குக் கீழ புதுப் பக்கம் போட்டு எழுது. இனி இது பயிற்சிக் குழி இல்ல."

அவள் நேரே என்னிடம் வந்தாள்.

"மூணு மணி நேரம் சல்லடையப் புடிச்சுக்கிட்டு நின்னீங்களேங்க."

"ஆமா கண்ணு."

"ஊட்டுல போயி என்னன்னு சொல்றதுன்னு நடந்துக்கிட்டே யோசிச்சேன். ஒன்னும் தோணல."

குறிப்பேட்டை நீட்டினாள். 'வெட்டிய ஆழம் 82. வெட்டியவர் சின்னுசாமி' என்று எழுதியிருந்தது.

"கையெழுத்துப் போடுங்க."

போட்டேன். கையெழுத்து கோணலாக விழுந்தது. வெயில்தான் காரணம். அவள் மை காயும்வரை ஊதிவிட்டு, ஏணி வைக்கக்கூடக் காத்திராமல் குழிக்குள் குதித்தாள்.