கொட்டாத குடம்

சிலமலையில் பொற்கொடி வீட்டுக் குடத்துத் தண்ணீரை யாரோ தொலைவிலிருந்து குடிக்கத் தொடங்கியது மூன்று வருஷத்துக்கு முந்தைய ஆடியில். காலையில் நிரப்பி வைத்த பித்தளைக் குடம் மதியத்துக்குள் பாதியாகிவிடும். தரையில் ஈரமில்லை, குடத்தில் ஓட்டையில்லை. பாத்திரக்கடைக்காரர் தட்டிப் பார்த்துவிட்டு, பேரன் காலத்துக்கும் வரும் என்று திருப்பிக் கொடுத்தார். பூனை, பேய், பக்கத்து வீட்டுக்காரி என்று ஊரும் வரிசையாகப் பழி போட்டு ஓய்ந்தது. பொற்கொடி மட்டும் காதை வைத்துக் கேட்டாள். குடம் குறையும்போது மடக் மடக்கென்று சத்தம், நடுவில் ஒரு விக்கல். அப்படி அவசரமாகக் குடித்து விக்குகிற ஆள் அவள் புருஷன் விஜயபாண்டிதான்.

அவன் போடியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பு ஓட்டியவன். தினமும் போடிமெட்டில் கேரள எல்லையைத் தாண்டுவான். எல்லை என்றால் அவனுக்கு ஒரு செக்போஸ்டு, ஒரு டீக்கடை, கொஞ்சம் பனி. வெளிநாட்டில் டிரைவர் வேலை என்று வந்த ஏஜெண்டு, கடைசியில் ஒரு எல்லையை மட்டும் நடந்து தாண்ட வேண்டும் என்றபோது அவனுக்குச் சிரிப்புத்தான் வந்தது. அந்த நாட்டின் பெயரை ஏஜெண்டு இரண்டு முறை ஒரே மாதிரி சொன்னதில்லை. போய்ச் சேர்ந்த இடத்திலிருந்து விஜயபாண்டி போனில், "ஒரே மணலாக் கெடக்கு புள்ள. வெரசாத் தாண்டிட்டுப் பேசுறேன்" என்றான். மறுநாள்தான் குடம் குறைய ஆரம்பித்தது.

பொற்கொடி ஏலக்காய் ரகம் பிரிக்கும் சோலிக்குப் போகாமல் குடத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். குறையக் குறைய ஊற்றினாள். குறைகிறவரை அவன் உயிரோடிருக்கிறான், அவ்வளவுதான். மாமியார் சுருளியம்மாள் போகும்போதும் வரும்போதும் குடத்துக்குள் குனிந்து, "பைய்யக் குடி அப்பு" என்று சொல்லிவிட்டுப் போவாள்.

அந்த வாரம் சனிக்கிழமை விடிகாலையில் பங்காளி வீட்டு ஜக்கையன் இறந்துபோனார். பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் அடுப்படித் தண்ணீரையெல்லாம் கொட்டிப் பாத்திரங்களைக் கவிழ்த்துவிட வேண்டும். பிணம் எடுத்து, குளித்த பிறகுதான் புதுத்தண்ணீர். பொற்கொடி குடத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். "ஒரு பொழுதுதான ஆத்தா? தீட்டுத் தண்ணியவா எம் மகனுக்குக் குடுப்ப?" என்று சுருளியம்மாள் அழுதாள். அவளும் மகன் நல்லதுக்குத்தான் சொன்னாள். கடைசியில் இரண்டு பேருமாகச் சேர்ந்துதான் கொட்டினார்கள். ஜக்கையன் மகள் வெளியூரிலிருந்து வந்து சேரத் தாமதமாகி, பிணம் எடுக்கவே பொழுது சாய்ந்துவிட்டது. பொற்கொடி ஈரச்சேலையோடு ஓடி வந்து குடத்தை நிரப்பினாள். அது குறையவில்லை. மறுநாளும் குறையவில்லை.

புரட்டாசியில் கார்த்தி என்று ஒருவன் போன் பண்ணினான். உசிலம்பட்டிக்காரன், விஜயபாண்டியோடு நடந்தவன். "வழி காட்ட வந்தவன் பாதியிலயே விட்டுட்டு ஓடிட்டான்க்கா. அண்ணன் கேன்ல மட்டும் தண்ணி ஊறிக்கிட்டே இருந்துச்சு. குடிச்சா ஏலக்காய் வாசம் அடிக்கும். எங்களுக்கெல்லாம் குடுத்துட்டுத்தான் அவரு குடிப்பாரு. சனிக்கிழமை மட்டும் ஊறல. அடியில கெடந்த ஒரு வாயையும் எனக்கு ஊத்திட்டாரு." மீதியை அழுதுகொண்டேதான் சொன்னான். மணலைக் கையாலேயே தோண்டிப் புதைத்தார்களாம்.

பொற்கொடி மாமியாரை ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கிழவிக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். சுருளியம்மாள் தன் கைகளையே பார்த்துக்கொண்டு மாதக்கணக்கில் கிடந்தாள், தண்ணீர் கேட்கக்கூட வாய் வரவில்லை. இரண்டு பேருக்காகவும் ஊரே வயிறெரிந்தது.

தை பிறந்து சில நாளில் குடம் மறுபடி குறைந்தது. பொற்கொடி காதை வைத்தாள். விக்கல் இல்லை. சின்னச் சின்ன மிடறு, குழந்தை குடிக்கிற மாதிரி. அவள் அப்படியே சரிந்து உட்கார்ந்து, அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதாள். "யாரு பெத்த புள்ளையோ" என்று சொல்லி, தண்ணீர் கொண்டுவர முதலில் எழுந்தது சுருளியம்மாள்தான்.

அதிலிருந்து இருவரில் ஒருவர் எப்போதும் வீட்டில் இருப்பார். சில நாள் பெரிய மிடறு, சில நாள் இருமல், சில நாள் சத்தமே கிடையாது. போன வருஷம் விஜயபாண்டியின் சித்தப்பா கண்ணுச்சாமி இறந்தார். தெருவில் எல்லா வீட்டிலும் தண்ணீரைக் கொட்டினார்கள். பொற்கொடி வீட்டிலும் சொம்பு, அண்டா எல்லாம் கவிழ்ந்தன. அந்த ஒரு குடத்தை மட்டும் யாரும் தொடவில்லை, தீட்டு என்று யாரும் வாயைத் திறக்கவும் இல்லை. பிணம் எடுத்துவிட்டுக் குளித்துத் திரும்பியபோது அது பாதியாகியிருந்தது. சுருளியம்மாள் நிரப்பி வைத்தாள்.