தையலுக்கு விட்ட அரை அங்குலம்

நோய்க்குப் பயந்து ஊர் உலகத்தையே பூட்டிப்போட்ட அந்த மாதத்தில், காலையில் எழுந்ததும் அவள் முதலில் பார்த்தது அரிசி டிரம்மைத்தான். மூடியைத் திறந்து கையை உள்ளே விடுவாள். மணிக்கட்டளவிலேயே அரிசி தட்டினால் நிம்மதி. இப்போது முழங்கை வரை விட்டால்தான் விரல் நுனியில் பட்டது. அடுத்த அறுவடைக்கு இன்னும் நான்கு மாதத்துக்கு மேல் இருந்தது. அளந்து வடித்தால் அதுவரை தாக்குப்பிடிக்கும். அறுவடை காலை வாரிவிட்டால், அப்புறம் கையை எவ்வளவு நீட்டினாலும் அடித்தகரம்தான் கிடைக்கும்.

கடையில் வாங்கிக்கொள்ளலாமே என்பீர்கள். கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துக்கொண்டு மூன்று வாரமாக, வரும் வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். வர வேண்டிய அரிசி எங்கே நிற்கிறது என்பது அவரைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள் வீட்டுக்காரர் லாரி டிரைவர். எல்லைச் சாவடியில், லாரி நிறைய அரிசி மூட்டையோடு மாட்டிக்கொண்டு, பிஸ்கட் தின்று பொழுதைப் போக்கிக்கொண்டிருந்தார். “அரிசி மூட்டை மேலதான் படுத்துத் தூங்குறேன், உனக்கு ஒரு பிடி அனுப்ப முடியல பாரு” என்று போனில் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் அண்ணன் வந்து சேர்ந்தார். டவுனில் முப்பத்திரண்டு வருடம் தையல் கடை வைத்திருந்தவர். கடையை மூடச் சொன்னதும், மெஷினின் தலையை மட்டும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கடைசி பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டார். பதினான்கு நாள் உர மூட்டை அறையில் தனியாகக் கிடந்தார். வெட்டுத் துணியில் தெருவுக்கே முகக்கவசம் தைத்துக் கொடுத்தார். எல்லாம் சரி, சாப்பாட்டில்தான் கோளாறு. ஒரு கரண்டி சோறு விழுந்ததுமே தட்டைக் கையால் மறைத்துவிடுவார். கேட்டால், உட்கார்ந்து தைக்கிறவனுக்கு எதற்கு இவ்வளவு என்பார். டவுனில் மூன்று தட்டு சாப்பிட்ட மனுஷன். டிரம்முக்குள் அவள் கை எவ்வளவு தூரம் போகிறது என்று அவரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார் என்பது அவளுக்குப் புரிந்தது. புரிந்து என்ன செய்ய? வற்புறுத்தவும் வாய் வரவில்லை, விடவும் மனசு வரவில்லை.

அவளிடம் ஒரு ஏக்கர் வயல் இருந்தது. நடவுக்கு வருடா வருடம் ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து இருபது பெண்கள் வேனில் வந்து இறங்குவார்கள். இந்த வருடம் வேனுக்கு அனுமதி இல்லை. விதைக் கடையும் மூடிக் கிடந்தது. முப்பது கிலோ வேண்டிய இடத்தில், போன அறுவடையில் எடுத்து வைத்த மூன்று கிலோ நெல்தான் கையில் இருந்தது.

இரண்டு வருடம் முன்பு விவசாய ஆபீசில் ஒரு பயிற்சிக்குப் போயிருந்தாள். இளம் நாற்றாக எடுத்து, குத்துக்கு, அதாவது நடுகிற ஒவ்வொரு இடத்துக்கும், ஒன்றே ஒன்று, பத்து அங்குலத்துக்கு ஒன்றாகச் சதுரம் சதுரமாக நட வேண்டும், தண்ணீரைத் தேக்காமல் ஈரம் காத்தால் போதும், மூன்று கிலோ விதை ஒரு ஏக்கருக்குக் காணும் என்றார்கள். வந்து சொன்னபோது நடவுப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒற்றை நாற்றா, அது தனியாக நின்று பயந்துகொள்ளாதா என்று கேட்டு அவள் மானத்தை வாங்கினார்கள். அத்தோடு அந்த யோசனையை மூட்டை கட்டி வைத்திருந்தாள். இப்போது அதை அவிழ்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கயிற்றில் அளவு முடிச்சுப் போட வேண்டும் என்றதும் அண்ணன் முகத்தில் வெளிச்சம் வந்தது. “அங்குலம்னா அது என் டிபார்ட்மென்ட்மா” என்று கயிற்றை வாங்கிக்கொண்டார். நாள் முழுக்க உட்கார்ந்து முடிச்சுக்கு முடிச்சு சிவப்புத் துணித் துண்டு கட்டினார். விதை தூவிப் பன்னிரண்டாம் நாள் நாற்றை மண்ணோடு பெயர்த்து நடத் தொடங்கினார்கள். கயிற்றை இழுத்துக் கட்டுவது, சிவப்புத் துணிக்கு நேரே ஒரு நாற்று வைப்பது, கயிற்றை நகர்த்துவது, மறுபடி குனிவது. இரண்டே பேர். மூன்றாம் நாள் அண்ணனால் நிமிர முடியவில்லை, குனிந்தபடியே வீட்டுக்கு நடந்தார்.

பக்கத்துக் கால் ஏக்கர்க்காரருக்குத் தெருவில் புலம்பல்காரர் என்று பெயர். மழை பெய்தால் சேறு என்பார், பெய்யாவிட்டால் புழுதி என்பார். உழுது சேறடித்த தன் வயலைச் சும்மா போட்டுவிட்டு, வரப்பில் நின்று இவர்கள் நடுவதைத் தினமும் வேடிக்கை பார்த்தார். வழுக்கைத் தலையில் முடி எண்ணுகிற மாதிரி இருக்கிறது என்று அவர் சொன்னபோது அவளுக்குக் கோபம் வந்தது. அடுத்த சிவப்புத் துணிக்கு நேரே குனிந்தாள்.

ஆறாம் நாள் சாயங்காலம் கடைசி வரிசை முடிந்தது. அப்பாடா என்று நிமிர்ந்தவள் நாற்றங்காலைப் பார்த்தாள். ஆறில் ஒரு பங்கு நாற்று பிடுங்காமல் அப்படியே நின்றது. முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் பகீரென்றது. எண்ணி எண்ணித் தூவிய விதை எப்படி மிஞ்சும்? அண்ணன் கழுத்தில் கிடந்த டேப்பை உருவி, நட்ட இரண்டு நாற்றுக்கு நடுவே வைத்தாள்.

“அண்ணே, எத்தனைக்கு முடிச்சு போட்ட?”

“பத்து.”

“இது பதினொண்ணு இருக்கு.”

அண்ணன் டேப்பைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார். முகம் செத்துப்போயிற்று. “தையலுக்கு விட்டுட்டேன்மா. இந்தப் பக்கம் அரை, அந்தப் பக்கம் அரை. கை பாட்டுக்கு விட்டுடுச்சு” என்றார்.

முப்பத்திரண்டு வருடப் பழக்கம். எந்தத் துணியை வெட்டினாலும் ஓரத்தில் அரை அங்குலம் கூட விட்டு வெட்டுவார். போடுகிறவர்கள் நாளைக்குப் பெருத்தால் பிரித்து விட்டுக்கொள்ளலாம் அல்லவா? ஆனால் இது சட்டை இல்லை, ஒரு வருடச் சோறு. அவள் வாயில் வந்ததையெல்லாம் கொட்டினாள். நாளைக்கே மிச்ச நாற்றை இடையில் செருகிவிடுகிறேன் என்றாள். செருகினால் வரிசைக்கு நடுவே தள்ளுகிற களை உருளை ஓட வழி இருக்காது, கையால் களை பறிக்க ஆள் எங்கே என்று அண்ணன் மெதுவாகக் கேட்டார். நியாயமான கேள்விதான், அதனால்தான் அவளுக்கு இன்னும் எரிச்சல். அன்று அவர் தட்டே எடுக்கவில்லை. வயிறு சரியில்லை என்றார். பொய்.

மறுநாள் விடிந்ததும் நாற்றங்காலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். வரப்பில் புலம்பல்காரர் வந்து நின்றார், ஆறடி தள்ளி, அண்ணன் தைத்த முகக்கவசத்தோடு. இன்று கிண்டல் வரவில்லை. அவர் கண் வயலில் இல்லை, மிஞ்சிய நாற்றின் மேல் இருந்தது. உங்கள் வயல் ஏன் இன்னும் சும்மா கிடக்கிறது என்று கேட்டாள். தண்ணீர் இல்லை என்றார். பிறகு ஆள் இல்லை என்றார். பிறகு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“விதை நெல்லைக் குத்தி ஆக்கிட்டோம்மா. வீட்ல எட்டு பேரு. புள்ளைங்க பசின்னு வந்து நிக்கும்போது, இது விதைன்னு எப்படி சொல்றது?”

அவள் உடனே வாரிக் கொடுத்துவிடவில்லை, உள்ளதைச் சொல்லத்தான் வேண்டும். ஆறில் ஒரு பங்கு என்றால் இரண்டு மாதச் சோறு. அண்ணன் தட்டில் விழாத கரண்டிகளெல்லாம் அதில்தான் இருக்கின்றன. செருகிப் பார்ப்போமே என்று மனசு அடித்துக்கொண்டது. நாற்றோ நாளுக்கு நாள் முற்றிக்கொண்டிருந்தது. எட்டுப் பேர் பசியைக் காதில் வாங்கிக்கொண்டு, களை மூடி வீணாகப் போகிற இடத்தில் நாற்றைச் செருக அவளால் முடியவில்லை. “நாளைக்குன்னா முத்திப்போயிடும். இன்னைக்கே பிடுங்குங்க” என்றாள். அண்ணன் கயிற்றை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனார். முடிச்சை மாற்றவா என்று கேட்டார். மாற்ற நேரமில்லை என்றாள். புலம்பல்காரர் நடும்போதே, இடுப்பு வலிக்கிறது, சதுரம் பெரிதாக இருக்கிறது என்று ஆரம்பித்துவிட்டார். அதைக் கேட்க அவளுக்கு ஏனோ ஆறுதலாக இருந்தது.

இருபது நாள் வயலைப் பார்க்கச் சகிக்கவில்லை. வெறும் சேறும் நடுநடுவே பச்சைக் கோடும்தான். கடை அரிசியும் வந்த பாடில்லை, வீட்டுக்காரரும் வந்த பாடில்லை. டிரம்மில் கை முழங்கையைத் தாண்டிவிட்டது. அண்ணன் களை உருளையை நீளவாட்டிலும் குறுக்குவாட்டிலும் தள்ளினார், இரண்டு வயலிலும். அரைக் கரண்டிச் சோற்றில் அவருக்கு எங்கிருந்துதான் தெம்பு வந்ததோ. அகலம் கூட இருந்ததால் உருளை எங்கும் சிக்கவில்லை.

ஐம்பதாவது நாள் வாக்கில் சேறு கண்ணில் படவில்லை. அவள் ஒரு குத்தைப் பிரித்துத் தண்டுகளை எண்ணினாள். முப்பத்தெட்டில் எண்ணிக்கை தப்பி, முதலிலிருந்து எண்ணி, மறுபடி தப்பியது. அண்ணன் வரப்பில் நின்று, அன்றைக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தார்.

“நல்லவேளை ஓரம் விட்டேன். எல்லாரும் பெருத்துட்டாங்க.”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஆனாலும் கதிர் பிடித்து மணி முற்றும் வரை நம்பவில்லை, தினமும் அளந்துதான் வடித்தாள். அறுவடை வாரத்தில் தோள் வரை கையை விட்டபோது டிரம்மில் தகரம் டங்கென்றது.

இரண்டு வீடும் சேர்ந்து இரண்டு வயலையும் அறுத்தார்கள். அவளுக்கு இருபத்தொரு மூட்டை. போன வருடம் இருபது. புலம்பல்காரருக்கு நான்கரை. தன் வீட்டுக்கு ஒரு நெல்மணி எடுத்துப் போகும் முன், மூன்று கிலோ நெல்லைப் பையில் கட்டி அவள் வாசலில் கொண்டுவந்து வைத்தார், அடுத்த விதைப்புக்கு என்று. மூட்டை தூக்கித் தோள் போயிற்று என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதல் நெல்லை அரைத்து டிரம்மில் கொட்டினாள். கையை விட்டாள். மணிக்கட்டில் தட்டியது. உலை வைத்தாள்.

அண்ணன் தட்டு முன் உட்கார்ந்தார். ஒரு கரண்டி விழுந்ததும் வழக்கம்போலக் கை வந்து தட்டை மறைத்தது. டேப் பிடித்துப் பழகிய ஒல்லி விரல்கள், இந்த ஐந்து மாதத்தில் இன்னும் மெலிந்து போயிருந்தன. அவள் கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

“வயல்ல விட்ட ஓரம் போதும்ணே. தட்டுல விடாத.”

அவர் கையை எடுத்தார். அவள் போட்டாள். அவர் சாப்பிட்டு முடித்து, துடைத்த தட்டைத் தானாகவே அவள் பக்கம் நகர்த்தினார்.

“இன்னும் கொஞ்சம் போடும்மா” என்றார்.