டிரம்முக்குள் ஒரு தேனீ

1

இந்தக் கதை ஒரு கைதட்டலில் பிறந்தது. எங்கள் ராக் குழுவின் கதையை இசை நாடகமாக்குகிறார்கள். ஒத்திகைக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். தட்டக் கூடாத இடத்தில் எல்லோரும் தட்டினார்கள்.

'நான்' என்று எழுதினால் கை நின்றுவிடுகிறது. அதனால் இனி 'டிரம்மர்'. அவன் வேறு யாரோ என்று நீங்களும் கொஞ்சம் பாசாங்கு செய்யுங்கள்.

2

பாடகன் இறந்த அன்று விடாத மழை— (மழை இல்லை. நாடகத்தில்தான் பெய்கிறது.)

மறுபடி: பாடகன், டிரம்மரின் தம்பி. அண்ணனோடு சண்டை போட்டுப் பிரிந்து இரண்டு வாரம். அன்று அவனுக்குப் பதில் கிட்டார்காரனைப் பாடவைத்துப் பாட்டைப் பதிவு செய்தார்கள். குழுவில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பதிவின்போது எல்லோருடைய போனும் அதிர்வில் கிடக்கும். காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்முக்குள், ஓசையை அடக்கப் போட்ட தலையணைமேல்.

பாட்டு முடியும் தறுவாயில் டிரம்மரின் பாதத்தில் ஓர் அதிர்வு ஏறியது. நின்றது. மறுபடி ஏறியது. இவ்வளவு நன்றாக அவர்கள் வாசித்ததே இல்லை, அவன் நிறுத்தவில்லை. கடைசி அடி ஓய்ந்த பிறகு மூன்றாவது அழைப்பின் ரீங்காரம் மட்டும் மைக்கில் பதிந்தது.

தன் போனை எடுத்துப் பார்த்தான். மூன்றும் தம்பி. திருப்பி அழைத்தான், பதில் இல்லை. மாலையில் தம்பியின் வாடகை அறைக் கதவை உடைத்தார்கள்.

(அடிக்குறிப்பு: அந்த ரீங்காரத்துக்கு ரசிகர்கள் 'தேனீ' என்று பெயர் வைத்தார்கள். கதவு உடைந்ததும் முதலில் உள்ளே போனவன் டிரம்மர். இரண்டு போன்களிலிருந்தும் அழைப்புகளை அழித்தவனும் அவன்தான்.)

3

ஒத்திகையில் தேனீ அரங்கம் அதிர ஒலித்தது. கைதட்டல்.

"எப்படி சார் நம்ம தேனீ? இன்னும் கொஞ்சம் ஏத்தட்டுமா?" என்றார் இயக்குநர்.

"போதும்."

"பெத்த புள்ளைய பாக்குற மாதிரி பாப்பீங்கன்னு நெனச்சா, பேயப் பாத்த மாதிரி முழிக்கிறீங்க!"

தம்பியாக நடிப்பவர் பக்கத்தில் வந்தார். "அண்ணே, அவரு கடைசியா யாரையுமே கூப்பிடலையா? கையில போன் வெச்சுக்கவா?"

"வேணாம்."

(இதை 'வெச்சுக்கோ' என்று மாற்றிப் பார்த்தேன். ஒட்டவில்லை. நான் சொன்னது 'வேணாம்'தான்.)

4

அம்மாவுக்குப் பதினோரு வருடமாக ஒரே புலம்பல். "பெத்தவளையும் நெனைக்கல, கூடப்பொறந்தவனையும் நெனைக்கல. ஒரு போன் பண்ணியிருக்கலாமேடா, பாவி."

டிரம்மர் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவான். சொன்னால் இளையவன் அவளுக்குத் திரும்பக் கிடைப்பான். மூத்தவன் போய்விடுவான்.

5

முதல் முடிவு:

"அது என்னடா சத்தம்?"

"சும்மா எஃபெக்ட்மா."

அம்மாவும் கைதட்டுகிறாள். (இதை என்னால் திரும்பப் படிக்க முடியவில்லை.)

இரண்டாவது:

"தம்பி கூப்பிடுறான்மா. அன்னிக்கு நான்தான்—"

இந்த வாக்கியத்துக்கு ஐந்து தாள் கிழித்தாயிற்று.

நாளை சாயங்காலம் முதல் காட்சி. முன்வரிசையில் அம்மா. பக்கத்து இருக்கை டிரம்மருக்கு. சரி, எனக்கு. முடிவை உங்கள் தலையில் கட்டிவிடலாம் என்றுதான் எழுத ஆரம்பித்தேன். ஆனால் அவள் கேட்கப்போவது உங்களை இல்லை.

எழுபத்தெட்டு வயது. காது இன்னும் நன்றாகக் கேட்கிறது.