வரைய முடியாத முக்கோணம்

கணக்கு வாத்தியார் அவளுக்கு வைத்த பெயர் 'கோடு'. எந்தக் கணக்கைக் கொடுத்தாலும் படம் போட்டு, அதை முறைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பாள். விடை சரியாக வந்துவிடும், வழி மட்டும் தாளில் இருக்காது. பக்கத்தில் உட்காரும் தோழி நேர்மாறு. ஒரு வரி விடாமல் எழுதுவாள். அவள் பெயர் 'படிக்கட்டு', வாத்தியாரின் செல்லப்பிள்ளை.

சிறப்புக் கணக்கு வகுப்புக்கு ஆள் எடுக்கும் தேர்வின் தாள்கள் அன்று திரும்பி வந்தன. கடைசிக் கேள்வி: செங்கோண முக்கோணத்தின் கர்ணம் பத்து, கர்ணத்தின் மேல் உயரம் ஆறு, பரப்பளவு என்ன? வகுப்பே முப்பது என்று எழுதியிருந்தது. கோடு மட்டும் ஓர் அரைவட்டம் வரைந்து, 'இப்படி ஒரு முக்கோணமே கிடையாது' என்று எழுதியிருந்தாள். பெரிய சைபர். அதோடு அவள் இடமும் போயிற்று.

விடுவாளா? தாளோடு கரும்பலகைக்கே போய் நின்றாள்.

"பத்தை ஆறால பெருக்கிப் பாதியாக்கத் தெரியாதா உனக்கு?"

"தெரியும் சார். முக்கோணம்னு ஒண்ணு இருந்தா பெருக்கலாம்."

வகுப்பு சிரித்தது. வாத்தியாருக்கு மூக்குக்கு மேல் கோபம்.

"சரி, போனா போகுது. முப்பதுன்னு திருத்து, மார்க் போடறேன். உன் இடமும் கிடைக்கும்."

அந்த இடத்துக்கு எவ்வளவு ஏங்கியிருந்தாள்! கண் கலங்கிவிட்டது. ஆனாலும் சாக்பீஸ் மாட்டிய காம்பஸை எடுத்து அவரிடமே நீட்டினாள்.

"நீங்க வரைஞ்சு காட்டுங்க சார், எழுதறேன்."

வாத்தியார் பத்து அளவில் கோடு போட்டு, அதன் மேல் அரைவட்டம் வரைந்தார். செங்கோண முனை அந்த வளைவில்தான் உட்கார முடியும் என்று பாடம் நடத்தியவரே அவர்தான். வளைவின் உச்சி ஐந்து உயரத்தோடு நின்றுவிட்டது, ஆறை எட்டவில்லை. அழித்துவிட்டு மறுபடி வரைந்தார். மறுபடியும் ஐந்து.

"படமெல்லாம் வழி ஆகாது. வரி வரியா எழுதிக் காட்டு."

அதுதான் அவளுக்கு வராதே. தலை குனிந்தது. "எழுத வராது சார். ஆனா திருத்த மாட்டேன்."

படிக்கட்டு எழுந்து வந்து சாக்பீஸை வாங்கினாள். முக்கோணத்தின் சிறிய பக்கங்கள் இரண்டு. அவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் நூறு, பரப்பளவு முப்பது என்றால், பக்கங்களைப் பெருக்கினால் அறுபது. அப்படியானால் அவற்றின் வித்தியாசத்தின் வர்க்கம், நூற்றில் அறுபதின் இருமடங்கு நூற்றிருபது போக, மைனஸ் இருபது.

"வர்க்கம் எப்படி சார் மைனஸ்ல வரும்? அவ சொன்னதுதான் சரி."

பிறகு தன் தாளில் இருந்த முப்பதை அடித்து, மேசைமேல் வைத்தாள்.

"அவளுக்கு சைபர்னா எனக்கும் சைபர் போடுங்க சார்."